பாலாற்றின் உலோகங்கள் – 9: பிடி விடாத குரோமியம்

சென்ற இதழில் சரிகையின் மேல் தங்கம் ஏறும் கதையைப் பார்த்தோம். இரண்டு சயனைடுகளின் நடுவில் நிற்கும் தங்க அயனி, மின்சாரம் கொண்டுவரும் ஒரே ஓர் எலக்ட்ரானை வாங்கியதும் சயனைடுகளை உதறிவிட்டு வெள்ளியின் மேல் உலோகமாகப் படிகிறது. முலாம் பூசுவது என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த இதழில் சரிகையை விட்டுப் பட்டின் நிறத்துக்கு வருவோம். அங்கேயும் ஓர் உலோகம் இருக்கிறது. ஆனால் அது தங்கத்தைப் போல எளிதில் துணை மாற்றிக்கொள்ளாது.

பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் செயற்கைச் சாயங்களில் உலோகக் கூட்டுச் சாயங்கள் என்று ஒரு வகை உண்டு. சாய மூலக்கூறுகள் இரண்டு சேர்ந்து ஒரு குரோமியம் அயனியை ஆறு இடங்களில் பற்றிக்கொண்டிருக்கும். சில சாயங்களில் குரோமியத்துக்குப் பதில் கோபால்ட். வெயிலிலும் துவைப்பிலும் இந்த நிறங்கள் மங்காமல் நிற்பதற்கு நடுவிலிருக்கும் அந்த உலோகம் பெரிய காரணம். மூன்று எலக்ட்ரான்களை இழந்த குரோமியம், இனி அதைக் குரோமியம்-3 என்போம், தன்னைச் சூழ்ந்திருப்பவற்றை லேசில் விடாது. அதைத் தண்ணீரில் கரைத்தால் ஆறு நீர் மூலக்கூறுகள் சுற்றி நிற்கும். அவற்றில் ஒன்று விலகி இன்னொன்று அந்த இடத்துக்கு வர நாள்கணக்கில் ஆகும். அதே அயனிக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துக் குரோமியம்-2 ஆக்கிவிட்டால், அந்த மாற்றம் விநாடிக்கு நூறு கோடி முறை என்ற கணக்கில் நடக்கிறது. உலோகம் அதேதான், நீரும் அதேதான். வேறுபாடு ஒற்றை எலக்ட்ரான்.

இந்தத் தொடரில் இதுவரை வந்த உலோகங்களில் என்னை அதிகம் வியக்க வைப்பது இந்தக் குணம்தான். சாயத்தைப் பட்டில் நிறுத்துவதும், ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலைப் பதப்படுத்துவதும், மருத்துவமனையில் இரத்த அணுக்களின் ஆயுளை அளக்க உதவியதும் குரோமியம்-3 இன் இந்தப் பிடிதான். பாலாற்றோடு இறங்கினால் மூன்று ஊர்களில் இந்தக் கதை நடக்கிறது: மேலே குரோமேட் செய்த ராணிப்பேட்டை, நடுவில் சாயம் ஏற்றும் காஞ்சி, ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அணுஉலைகள் உள்ள கல்பாக்கம். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை கல்பாக்கமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

வேதியியலால் எளிதில் தளர்த்த முடியாத அந்தப் பிடியை அணுக்கரு ஒரு கணத்தில் உடைத்துவிடும். அதை மனிதர் கண்டுகொண்ட வரலாறு 1934-இல், லண்டனில் ஒரு மருத்துவமனையில் தொடங்குகிறது.

லியோ ஸிலார்ட் ஹங்கேரியில் பிறந்த யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்ததும் பெர்லினை விட்டு வெளியேறி லண்டன் வந்து சேர்ந்தவர். அவருக்கென்று ஆய்வுக்கூடம் கிடையாது. செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் சிகிச்சைக்காக வைத்திருந்த ரேடியம் கோடைக்காலத்தில் சும்மா கிடக்கிறது என்று அறிந்து, நியூட்ரான் உண்டாக்க அதைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டார். மருத்துவமனையைச் சேர்ந்த ஒருவருடன் சேர்ந்து செய்தால் சரி என்றார்கள். அப்படித் துணைக்கு வந்தவர் டி. ஏ. சால்மர்ஸ் என்ற இளம் இயற்பியலாளர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிமையானது, ஆனால் தீர்வே இல்லாததுபோல் தோன்றியது. அயோடினை நியூட்ரானுக்குக் காட்டினால் கோடானுகோடி அணுக்களில் மிகச் சில மட்டும் கதிரியக்க அயோடினாக மாறும். அவற்றை மட்டும் தனியே எடுப்பது எப்படி? இரண்டும் அயோடின். ஒரு வினைக்கு மசிவது எல்லா வினைக்கும் மசியும். ஸிலார்டும் சால்மர்ஸும் வெறும் அயோடினை எடுக்காமல், அயோடின் கார்பனோடு பிணைந்திருக்கும் எத்தில் அயோடைடை எடுத்தார்கள். நியூட்ரானுக்குக் காட்டிய பின் அதைத் தண்ணீரோடு குலுக்கினார்கள். எத்தில் அயோடைடு தண்ணீரில் சேராமல் ஒதுங்கி நின்றது. கதிரியக்க அயோடினில் பெரும்பங்கு தண்ணீருக்கு வந்துவிட்டது. அங்கிருந்து அதை வெள்ளி அயோடைடாக வீழ்படியச் செய்து எடுத்தார்கள். பாதிக்குப் பாதி சிதைய 25 நிமிடமே ஆகும் பொருள் அது. வேகமாகச் செய்தாக வேண்டிய வேலை.

நடந்தது இதுதான். மெதுவாக வரும் நியூட்ரானின் மோதலுக்குப் பிணைப்பை உடைக்கும் வலு இல்லை. ஆனால் நியூட்ரானை விழுங்கிய அணுக்கரு, மிஞ்சிய ஆற்றலைக் காமாக் கதிராக வெளியே எறிகிறது. துப்பாக்கி சுட்டால் தோளில் உதைப்பதுபோல, கதிர் ஒரு பக்கம் போக அணு எதிர்ப்பக்கம் உதைபடுகிறது. நம் குரோமியத்துக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இயற்கைக் குரோமியத்தில் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று அதிகமாக இருப்பது குரோமியம்-50 என்ற ஐசோடோப்பு. அது ஒரு நியூட்ரானை வாங்கிக் குரோமியம்-51 ஆகும்போது விடுபடும் ஆற்றல் 90 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். அது முழுவதும் ஒரே கதிராகப் போனால் அணு வாங்கும் உதை சுமார் 900 எலக்ட்ரான் வோல்ட். பல கதிர்களாகப் பிரிந்து போனால் உதை குறையும். ஆனாலும் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில்தான் நிற்கும். ஒரு வேதிப்பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட்டே போதும். எவ்வளவு இறுக்கமான கூட்டானாலும் அணு வெளியே வந்துவிடும்.

வெளியே வந்த அணு பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் அடுத்த முப்பது ஆண்டுகளின் உழைப்பு அடங்கியிருக்கிறது. இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு உதைக்குப் பின் நடப்பதுதான் பெரிதாகப் படுகிறது. அணுவைக் கூட்டிலிருந்து வெளியே தள்ளுவது அணுக்கரு. அது கடைசியில் எந்த வடிவில் அமரும் என்பதைத் தீர்மானிப்பது அக்கம்பக்கத்திலிருந்து வந்து சேரும், அல்லது பிரிந்து போகும், எலக்ட்ரான்கள்.

இதை முதலில் நெருங்கியவர் பெர்க்லியில் இருந்த வில்லார்ட் லிப்பி. பின்னாளில் கார்பன்-14 காலக்கணிப்புக்காக 1960-இல் நோபல் பரிசு பெற்ற அதே லிப்பிதான். 1940-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஊதாநிறப் பெர்மாங்கனேட்டைப் பற்றியது. நியூட்ரான் பட்ட பெர்மாங்கனேட்டிலிருந்து கதிரியக்க மாங்கனீசு பழுப்பு நிற மாங்கனீசு டைஆக்சைடாகப் பிரிந்து வரும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. லிப்பி கரைசலின் அமிலத்தன்மையை மாற்றிப் பார்த்தார். காரம் மிகுந்த கரைசலில் உதைபட்ட அணுக்கள் மறுபடி பெர்மாங்கனேட்டாகவே மாறிவிட்டன. காரம் குறைந்தபோது அவற்றில் பெரும்பங்கு டைஆக்சைடாக ஒதுங்கியது. அணுக்கருவுக்கு அமிலமும் தெரியாது, காரமும் தெரியாது. இரண்டிலும் உதை ஒன்றுதான். முடிவு மாறுகிறதென்றால் அது உதைக்குப் பிந்தைய வேதியியலின் வேலை.

போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜில் கிரீனும் ஆல்ஃபிரட் மேடாக்கும் குரோமியத்தை எடுத்துக்கொண்டார்கள். பொட்டாசியம் குரோமேட் மஞ்சள் நிறப் படிகம். அதில் குரோமியம் ஆறு எலக்ட்ரான்களை இழந்த நிலையில், நான்கு ஆக்சிஜன்களின் நடுவில் இருக்கிறது. அதைக் குரோமியம்-6 என்போம். படிகத்தை அணுஉலையில் வைத்து எடுத்துத் தண்ணீரில் கரைத்தார்கள். கதிரியக்கக் குரோமியத்தில் ஒரு பங்கு குரோமேட்டாகவே இருந்தது. மீதி குரோமியம்-3 ஆக வந்தது. உதைபட்ட அணு ஆக்சிஜனை இழந்து, வழியில் மூன்று எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

1949-இல் அவர்கள் அறிவித்த செய்தி இதைவிட விசித்திரமானது. உலையிலிருந்து எடுத்த படிகத்தைக் கரைக்காமல் முதலில் சூடாக்கி, பிறகு கரைத்தால், குரோமியம்-3 இன் பங்கு குறைந்து குரோமேட்டின் பங்கு கூடியது. நியூட்ரான் நின்று வெகுநேரமான பின், வெறும் சூட்டில், கெட்டியான படிகத்துக்குள்ளேயே சிதறிய அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கார்மன் ஹார்பாட்டிலும் குரோமியப் படிகங்களில் இதை விரிவாக ஆராய்ந்தார். சூடு மட்டுமில்லை, காமாக் கதிர் பட்டாலும் இதே திரும்பல் நடந்தது. காமாக் கதிர் படிகத்துக்குள் முக்கியமாகச் செய்வது எலக்ட்ரான்களைப் பிய்த்து அலைய விடுவது. ஐயம் எலக்ட்ரான்களின் மேல் திரும்பியது இயல்பு.

அதே ஆண்டுகளில், எலக்ட்ரான் ஓர் அயனியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிக் கைமாறுகிறது என்ற கேள்வி, உதையோடு சம்பந்தமில்லாமல் தனி வழியில் வளர்ந்தது. வழி வேறாக இருந்தாலும் அங்கேயும் லிப்பி இருந்தார். 1952-இல் லிப்பி, அப்போது சிகாகோவில், எலக்ட்ரான் நொடிப்பொழுதில் தாவிவிடும், சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளால் அந்த வேகத்தில் நகர முடியாது என்று எழுதினார். இரும்பு-2 ஐச் சுற்றிய நீர் சற்றுத் தள்ளி நிற்கும். இரும்பு-3 ஐச் சுற்றிய நீர் நெருங்கி நிற்கும். எலக்ட்ரான் தாவிய கணத்தில் இரண்டு அயனிகளும் தமக்குப் பொருந்தாத சூழலில் மாட்டிக்கொள்கின்றன. கைமாற்றம் மெதுவாக நடப்பதற்கு அதுவே காரணம் என்றார்.

அந்தக் கட்டுரை 1955-இல் ருடால்ஃப் மார்கஸ் கண்ணில் பட்டது. கருத்து பிடித்தது, அதில் ஒரு குறையும் தெரிந்தது. இருட்டில் வைத்த கரைசலில் அந்தப் பொருந்தாச் சூழலுக்கான ஆற்றல் எங்கிருந்து வரும்? எலக்ட்ரான் முதலில் தாவுவதில்லை. இரண்டு பக்கத்து நீரும் தற்செயலாக அசைந்து அசைந்து, எலக்ட்ரான் இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும் ஆற்றல் ஒன்றுதான் என்ற இடைநிலையை அடையும்போதுதான் தாவுகிறது என்று மார்கஸ் 1956-இல் கணக்கோடு காட்டினார். 1992-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிகாகோவில் லிப்பி இருந்த அதே காலத்தில் ஹென்றி டாவ்பேயும் அங்கே இருந்தார். அவர் கையில் எடுத்தது குரோமியத்தின் பிடியை. கோபால்ட்-3 ஒரு குளோரைடை இறுகப் பற்றியிருக்கும் கூட்டுப்பொருளோடு, பிடி தளர்ந்த குரோமியம்-2 ஐச் சேர்த்தார். கோபால்ட் ஓர் எலக்ட்ரானை வாங்கியது. குரோமியம் ஒன்றைக் கொடுத்துக் குரோமியம்-3 ஆனது. முடிவில் குளோரைடு குரோமியத்தின் பக்கம் இருந்தது. கரைசலில் தனியே கதிரியக்கக் குளோரைடைக் கலந்து வைத்தும் அது உள்ளே நுழையவில்லை. குரோமியம்-3 ஆன பின் குளோரைடைப் பிடித்திருக்க முடியாது, அது அவ்வளவு மெதுவான அயனி. அப்படியானால் எலக்ட்ரான் கைமாறிய அதே நேரத்தில் குளோரைடு இரண்டு உலோகங்களையும் தொட்டுக்கொண்டு நடுவில் பாலமாக நின்றிருக்க வேண்டும். 1953-இல் வந்த இந்தச் சோதனையைப் படிக்கும்போதெல்லாம் அதன் தெளிவு என்னை நிறுத்திவைக்கிறது. டாவ்பேக்கு 1983-இல் நோபல்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டிராம்பேயில் அப்சரா உலை 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கியது. ஆசியாவில் சோவியத் நாட்டுக்கு வெளியே அமைந்த முதல் அணுஉலை. மின்சாரத்துக்காக இல்லை, நியூட்ரானுக்காகக் கட்டியது. அங்கே வேதியியல் பிரிவை நடத்திய ஜகதீஷ் சங்கரும், அவரோடு கே. எஸ். வெங்கடேஸ்வரலு, அமர் நாத் ஆகியோரும் உலோகக் கூட்டுப்பொருட்களில் அணுக்கரு உதையின் விளைவுகளை ஆராயத் தொடங்கினர். 1960 அக்டோபரில் பன்னாட்டு அணுசக்தி முகமை பிராக் நகரில் இந்தத் துறைக்கென்றே ஒரு கருத்தரங்கம் கூட்டியபோது, உலகத்தின் முதல் வரிசைக் குழுக்களோடு டிராம்பே குழுவின் ஆய்வும் இடம்பெற்றது. அப்சரா ஓடத் தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

1960-களில் அவர்கள் செய்த ஒரு வகைச் சோதனை இந்த அத்தியாயத்துக்கு நேரடியாக வேண்டியது. உதைபட்ட அணு சூட்டில் பழைய கூட்டுக்குத் திரும்புகிறது என்றால், உதையே படாத அணு என்ன செய்யும்? கோபால்ட்-3 கூட்டுப்பொருளின் படிகத்துக்குள் கதிரியக்கக் கோபால்ட் அயனியை வெறுமனே கலந்து வளர்த்து, பிறகு சூடாக்கினார்கள். அதுவும் கூட்டுக்குள் நுழைந்தது. யூகோஸ்லாவியாவில் குரோமேட் படிகங்களில் குரோமியம்-3 ஐக் கலந்து பார்த்தவர்களும் இப்படியே கண்டார்கள். அதுவரை பலர், உதையால் படிகத்தின் ஒரு மூலை நொடி நேரம் உருகி உறைவதாகவும், அதுவே எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் நம்பியிருந்தார்கள். திரும்பலுக்கு உதை தேவையே இல்லை என்றால் அந்த விளக்கம் போதாது. படிகத்தின் குறைபாடுகளில் சிக்கியிருந்து சூட்டில் விடுபடும் எலக்ட்ரான்களுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு என்று அமர் நாத் குழுவினர் வாதிட்டனர். ஓர் எலக்ட்ரான் வந்து சேர்ந்தால் கோபால்ட்-3 கோபால்ட்-2 ஆகிறது, பிடி தளர்கிறது, அந்த இடைவெளியில் அணுக்கள் இடம் மாறிக்கொள்ள முடிகிறது. டாவ்பே தண்ணீரில் கண்டதும் டிராம்பேயில் படிகத்துக்குள் கண்டதும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள்.

இந்த ஆய்வுகளில் வந்த குரோமியம்-51 மருத்துவமனைக்கும் போனது. அரை ஆயுள் 27.7 நாள். 1950-இல் கிரேயும் ஸ்டெர்லிங்கும் அதைச் சோடியம் குரோமேட்டாக இரத்தத்தில் கலந்து காட்டிய முறை அழகானது. குரோமேட் சிவப்பணுவின் சுவரைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே அது மூன்று எலக்ட்ரான்களை வாங்கிக் குரோமியம்-3 ஆகி ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். இனி எளிதில் வெளியே வராது. அந்தச் சிவப்பணு வயதாகிச் சிதையும்போது குரோமியம் விடுபடும். அப்போதும் அது குரோமியம்-3 ஆகவே இருப்பதால் வேறு சிவப்பணுவுக்குள் நுழைய முடியாது, சிறுநீரில் போய்விடும். அதனால் நாளுக்கு நாள் குறையும் கதிரியக்கத்தை அளந்தே நோயாளியின் சிவப்பணுக்கள் எத்தனை நாள் வாழ்கின்றன என்று சொல்ல முடிந்தது. இரத்தசோகையின் காரணத்தைத் தேடிய மருத்துவர்களுக்கு இது பல பத்தாண்டுகள் கை கொடுத்தது.

சிவப்பணுவுக்குள் நுழைந்து எலக்ட்ரான் வாங்கும் இதே குணத்தை ராணிப்பேட்டைக்காரர்கள் வேறு விதத்தில் அறிவார்கள். தோல் பதனிட வேண்டியது குரோமியம்-3. பூமியிலிருந்து எடுக்கும் குரோமைட் தாதுவிலும் இருப்பது குரோமியம்-3 தான். ஆனால் தாதுவில் அது இரும்போடு பின்னிக் கிடக்கிறது, கரையாது. அதனால் சோடாச் சாம்பலோடு சேர்த்து உலையில் வறுத்து, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அணுவுக்கு மூன்று எலக்ட்ரான் வீதம் பறித்துக் குரோமியம்-6 ஆக்கிக் கரைத்து எடுக்கிறார்கள். பிறகு அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்து மறுபடி குரோமியம்-3 ஆக்கித் தோல் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் இந்த வேலையின் நடுவே, கரைக்கப்படாமல் சக்கையோடு போன குரோமியம்-6 தான் விஷம். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் வளாகத்தில் அப்படிப்பட்ட கழிவு லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் கரைந்து நிலத்தடிக்கு இறங்கியது. கிணற்று நீர் மஞ்சளானது. சிவப்பணுவுக்குள் குரோமேட்டைக் கொண்டு சேர்த்த அதே நுழைவாற்றல், அதைக் குடிப்பவரின் உடலுக்குள்ளும் கொண்டு சேர்க்கும். மருத்துவத்தில் மிகச் சிறு அளவு, மருத்துவர் கையில். இங்கே யாருடைய அனுமதியும் இல்லாமல், பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில். லாபம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், ஊர் இருக்கிறது. இதைப் பழைய கதை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

இதற்கு மருந்தும் எலக்ட்ரான்தான். இரும்பு-2 உப்பைக் கலந்தால் ஒவ்வொரு இரும்பும் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும். மூன்று இரும்பு ஒரு குரோமியத்தைக் குரோமியம்-3 ஆக்கிக் கரையாமல் படிய வைக்கும். வேதியியல் இவ்வளவு எளிது. நிலத்துக்கு அடியில் பரவிவிட்ட நீருக்கு அந்த இரும்பைக் கொண்டு சேர்ப்பதுதான் கடினமும் செலவும்.

ஆற்று நீரிலோ சாய நூலிலோ எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்று அறிய நியூட்ரானையே கேட்கலாம். கல்பாக்கத்தில் 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய காமினி, யுரேனியம்-233 எரிபொருளில் ஓடும் 30 கிலோவாட் சிற்றுலை. நியூட்ரான் காட்டிப் பொருட்களில் உள்ள தனிமங்களைக் கண்டறியும் வேலை அங்கே நடக்கிறது. மாதிரியில் உள்ள குரோமியம்-50 குரோமியம்-51 ஆக மாறி, தனக்கே உரிய 320 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரைக் கொடுக்கும். அதை எண்ணினால் அளவு தெரியும். ஆனால் அது குரோமியம்-3 ஆக இருந்ததா, குரோமியம்-6 ஆக இருந்ததா என்பதை அந்தக் கதிர் சொல்லாது. நியூட்ரானை விழுங்கிய கணத்திலேயே அணு உதைபட்டுப் பழைய கூட்டை இழந்துவிட்டது. அதனால் இரண்டையும் முன்கூட்டியே பிரித்துவிட்டுத்தான் உலைக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர்ச் சோதனைக் கூடங்களில் இதற்கு உலை வேண்டியதில்லை. அமிலம் சேர்த்த நீரில் டைபினைல் கார்பசைடு கரைசலைச் சில சொட்டு விடுவார்கள். குரோமியம்-6 இருந்தால் அது அந்தச் சேர்மத்திலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக் குரோமியம்-3 ஆகும், நீர் ஊதாவாக மாறும். ஒரு லிட்டரில் 0.05 மில்லிகிராம் குரோமியம் என்பதுதான் குடிநீருக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் எல்லை. அந்த அளவையும் இந்த ஊதா காட்டிவிடும்.

அடுத்த இதழில் கல்பாக்கத்திலேயே இருந்து, இட்ரியத்தை வேக ஈனுலையில் வைத்து, எலும்புப் புற்றுநோயின் வலியைத் தணிக்கும் ஸ்ட்ரான்சியம்-89 ஐப் பிரித்தெடுத்த கதையைப் பார்ப்போம்.

(தொடரும்)